கூரை போறது காத்துல, பணம் போறது காகிதத்துல!



சித்திரை, வைகாசியில் கோடை மழை வருவதற்கு முன்னால் நம்ம பக்கம் வருவது காற்று. அன்னூர், மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தி, கோபி பக்கம் குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிட்டு, போகிற போக்கில் தோட்டத்துச் சாளையின் ஓட்டையும் கட்டுத்தறித் தகரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். பல்லடம், சூலூர் பக்கம் கோழிப் பண்ணைக் கொட்டகையும், சோமனூர் பக்கம் தறிக்குடோன் சிமெண்ட் அட்டையும் பறக்கும். அது அடங்கி ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அம்மியே பறக்கிற காற்றுக்கு அட்டை எம்மாத்திரம்?

காற்றை யாரும் தடுக்க முடியாது. ஆனால் காசு கட்டி வாங்கின இன்சூரன்ஸ் இருந்தும் கூரைப் பணம் வராமல் போகிறதே, அதைத் தடுக்க முடியும். சங்கத்துக்கு வருகிற மனுக்களைப் பார்த்தால் கம்பெனிக்காரன் ஏய்ப்பது ஒரு பக்கம். நாம் எழுதிக் கொடுக்கிற காகிதமே நமக்கு எதிராகப் பேசுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில், பாலிசி இருக்கிறதா என்றே பல பேருக்குத் தெரியாது. வீடு கட்டவோ, கொட்டகை போடவோ பேங்கில் கடன் வாங்கியிருப்பீர்கள். வருஷா வருஷம் பாஸ்புக்கில் ஒரு தொகை பிடித்திருப்பான். "என்னமோ வட்டி கிட்டி போலிருக்கு" என்று விட்டுவிடுகிறோம். அது இன்சூரன்ஸ் பிரீமியமாக இருக்கலாம். பாலிசி பேப்பர் பேங்க் பீரோவில் தூங்கும். காற்று அடித்து ஆறு மாசம் கழித்து, "உங்களுக்குப் பாலிசி இருந்துச்சே, ஏன் சொல்லலை?" என்று நம்மையே கேட்பான். பணம் கட்டினது நாம், பாலிசி நம்முடையது. நாளைக்கே பேங்குக்குப் போய் எழுத்து மூலம் நகல் கேளுங்கள். கடன் பாக்கி இருக்கும்வரை கிளெய்ம் பணம் பேங்க் வழியாகத்தான் வரும். பேங்க் அதைக் கடன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டால் கூரை போட நம் கையில் காசு இருக்காது. அதனால், "இந்தத் தொகையைப் பழுது பார்க்க விடுவியுங்கள்" என்று மேனேஜருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அதில் உங்கள் வீட்டை என்னவென்று எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். ஓட்டு வீட்டைத் தார்சு வீடு என்று எழுதியிருப்பான். தோட்டத்துச் சாளைக்கு ஊருக்குள் இருக்கிற வீட்டின் கதவு எண்ணைப் போட்டிருப்பான். க.ச. எண் ஒன்று மாறியிருக்கும். பட்டா இன்னும் அப்பாரு பேரில், வீட்டு வரி அண்ணன் பேரில், பாலிசி உங்கள் பேரில். பிரீமியம் வாங்கும்போது இதையெல்லாம் ஒருத்தனும் கேட்கமாட்டான். பணம் தரும்போது ஒவ்வொன்றாகக் கேட்பான். காற்று வருவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துத் திருத்தினால் திருத்தம். வந்தபிறகு போனால் தகராறு.

எந்தப் பாலிசி என்பதும் முக்கியம். 2021 ஏப்ரல் 1 முதல் வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். வீட்டுச் சாமான்களுக்கும் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் போகாமல், தானாகவே சேர்ந்திருக்கும். ஓடு போய் மழை இறங்கி டிவியும் மெத்தையும் நாசமானால் அதையும் கேட்கலாம். நம்ம ஆட்கள் கூரையை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் வீட்டுப் பாலிசியை நம்பிக் கோழிக் கொட்டகைக்குப் போகாதீர்கள். தொழில் செய்கிற கொட்டகைக்குத் தனிப் பாலிசி. கறிக்கோழி ஒப்பந்தத்தில் குஞ்சு கம்பெனியுடையது, கொட்டகை நம்முடையது. கூரை போனால் நட்டம் முழுக்க நம் தலையில்தான் என்பதை நினைவில் வையுங்கள். தொழில் பாலிசியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று 10 லட்ச ரூபாய்க் கொட்டகையை 5 லட்சத்துக்கு எழுதி வைப்போம். காற்றில் 2 லட்சம் நட்டம் என்றால், "அதான் 5 லட்சம் வரைக்கும் இருக்கே, முழுசும் வந்திரும்" என்று நினைக்கிறோம். வராது. பாதி மதிப்புக்குத்தான் இன்சூர் செய்திருக்கிறாய் என்று நட்டத்திலும் பாதி, அதாவது 1 லட்சம்தான் கணக்குப் போடுவான். அதிலும் பாலிசியில் சொன்ன கழிவு போகும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு ஒரு லட்சத்தைத் தொலைக்கிற வேலை இது.

சரி, காற்று அடித்துவிட்டது. விடிந்ததும் என்ன செய்கிறோம்? நாலு ஆளைக் கூப்பிட்டு உடைந்த ஓட்டையும் கிழிந்த தகரத்தையும் குப்பையில் கொட்டி இடத்தைச் சுத்தம் பண்ணிவிடுகிறோம். கிளெய்மைக் கெடுப்பதில் இதுதான் முதல் காரியம். சர்வேயர் வரும்போது இடம் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். "எங்கே சேதம்?" என்பார். அதனால் கை வைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். தூரத்தில் இருந்து வீடு முழுக்கத் தெரிகிற மாதிரி, பிறகு கிட்டத்தில், உள்ளே இருந்து வானம் தெரிகிற மாதிரி. விட்டம், சட்டம், ரீப்பர், பிடுங்கின ஜே போல்ட் எல்லாம் வரவேண்டும். பறந்துபோன தகரம் பக்கத்துக் காட்டில் கிடந்தால் கிடந்த இடத்திலேயே எடுங்கள். உடைசலை ஒரு மூலையில் குவித்து வையுங்கள், சர்வேயர் பார்க்கும்வரை பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள்.

அதற்காக மழையில் நனையட்டும் என்று கை கட்டி உட்காரவும் கூடாது. மேலும் சேதமாகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிக்காரர் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. தார்ப்பாய் வாங்கி மூடுங்கள். தார்ப்பாய்க்கும் கயிறுக்கும் பில், ஏற்றின ஆளுக்குக் கூலி ரசீது வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதின கணக்கைக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது.

தகவலை அன்றைக்கே சொல்லுங்கள். போனில் சொன்னால் கிளெய்ம் நம்பர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாகாது. அதே விவரத்தை எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பாலிசியில் கிளெய்ம் பாரத்தை, சேதத்தைப் பார்த்த நாளில் இருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி, துக்கம் என்று தாமதமாகிவிட்டால் விட்டுவிடாதீர்கள். தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று ஆணையம் 20.9.2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

எழுதுகிற வாசகத்தில்தான் பாதி கிளெய்ம் சாகிறது. "பழைய கூரைங்க, இத்துப் போயிருந்துச்சு, காத்துல விழுந்திருச்சு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவோம். தேய்மானத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசைக் காற்று, எத்தனை அடி அட்டை எத்தனை போனது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கூரையை எந்த வருஷம் வேய்ந்தோம், கடைசியாக எப்போது பழுது பார்த்தோம் என்பதற்குப் பில் இருந்தால் வையுங்கள். அதேபோல 20 அட்டை போனதை 60 என்று எழுதாதீர்கள். சர்வேயருக்கு எண்ணத் தெரியும். ஒரு பொய் பிடிபட்டால் மொத்தக் கிளெய்மும் போகும், அடுத்து வருகிற நம்ம ஆளையும் சந்தேகமாகத்தான் பார்ப்பான்.

காற்று அடித்ததற்குச் சாட்சி வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சான்று, மறுநாள் பேப்பரில் வந்த செய்தி, ரோட்டில் சாய்ந்த கரண்ட் கம்பத்தின் போட்டோ, வேளாண் பல்கலைக்கழகத்தின் வட்டார வானிலை நிலையப் பதிவு எல்லாம் உதவும்.

அரசு நிவாரணம் வேறு, இன்சூரன்ஸ் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள். வி.ஏ.ஓ. வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார் என்று கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. நிவாரணம் எவ்வளவு என்று தெரிந்தால் அப்படி இருக்கமாட்டார்கள். ஒன்றிய அரசு 2022-23 முதல் 2025-26 வரைக்கும் போட்ட விதிப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000, வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000. மூவாயிரத்தில் எந்தக் கட்டுத்தறிக்குக் கூரை போடுவது? தகரம் ஏற்றுகிற ஆசாரி கூலிக்கே பத்தாது.

சர்வேயர் வரும்போது வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருக்கவேண்டும். அவர் எழுதிக்கொள்வதைக் கேளுங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டால் கம்பெனி தரவேண்டும். கடைசியில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வவுச்சரை நீட்டுவான். தொகை குறைவு என்றால் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்டதாலேயே மேற்கொண்டு கேட்கிற உரிமை போய்விடாது என்று 2015-ல் ஆணையமே சொல்லிவிட்டது. முதலில் கம்பெனிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு மனு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்கு இரண்டு வருஷம் வரை டைம் உண்டு.

கூரைக்காவது இவ்வளவு வழி இருக்கிறது. வாழைக்கு? பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரை பிரீமியம் வாங்குகிறார்கள். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனித்தனிக் காட்டை வந்து பார்ப்பார்களாம். காட்டு விலங்கு சேதத்தையும் 2026 காரீப் முதல் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள், வரவேற்கிறோம். ஆனால் நம்ம நேந்திரனையும் கதலியையும் சாய்ப்பது சூறைக்காற்று. அது அந்தத் தனிக்காட்டுப் பட்டியலில் இல்லை. பிர்காவுக்கே சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம். காற்றோ ஒரு காட்டை மட்டும் அடித்துவிட்டு வரப்பைத் தாண்டாமல் போகும். அந்த ஒருத்தன் பிர்கா சராசரியில் காணாமல் போய்விடுவான். இது நம்ம காகிதத் தப்பு இல்லை, சட்டத்தின் ஓட்டை. இதை மனு எழுதி அடைக்க முடியாது. ஒரு பைசா மின்கட்டண உயர்வுக்கு எதிராக 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் குண்டடி பட்டுச் செத்த ஊர் இது. 1972-ல் மாட்டுவண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிக்கொண்டு போய் நின்ற ஊர் இது.

ஆகவே அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள். நம் கோரிக்கை: வாழைக்குச் சூறைக்காற்றைத் தனிக்காட்டுச் சேதமாக ஏற்கவேண்டும். பேங்க் பிடிக்கிற ஒவ்வொரு பிரீமியத்துக்கும் பாலிசி நகலைத் தமிழில் விவசாயி கையில் தரவேண்டும். மாட்டுக் கொட்டகை நிவாரணத்தை இன்றைய தகர விலைக்கு உயர்த்தவேண்டும்.

கூரைக் கிளெய்ம் நிலுவையில் இருப்பவர்கள் பாலிசி நகல், வீட்டு வரி ரசீது, போட்டோ, கம்பெனிக்கு அனுப்பின கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்து வாருங்கள். ஒன்று மனுவோடு போகும், இன்னொன்று சங்கத்தில் இருக்கும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.