கத்தாத பறவை

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மார்னிங்டன் தீபகற்பத்தில், குன்னமாட்டா கடற்கரையில், கயிறு கட்டிப் பலகை நட்டிருந்த இடத்துக்குள் நம்மவர் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டு நின்றார். அது தேசியப் பூங்கா. நாயைக் கொண்டுவரவே அனுமதியில்லை. சொன்னேன். "அண்ணை, இஞ்ச ஒரு குருவியும் இல்லையே, வெறும் மணல்தானே?" என்றார்.

கண்ணில் படாததுதான் அந்தப் பறவையின் பிழைப்பே. ஹூடெட் பிளோவர், இங்குள்ளவர்கள் வாயில் 'ஹூடி'. உப்புக்கொத்தி இனம். கறுத்த தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். ஓதம் ஏறும் எல்லைக்குச் சற்று மேலே மணலில் ஒரு சின்னக் குழி, அதில் இரண்டோ மூன்றோ முட்டைகள், மணல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு. ஆள் வருவதைத் தூரத்திலேயே கண்டு சத்தமில்லாமல் நழுவிவிடும். நாம் நகரும்வரை திரும்பாது. வெயில் நாளென்றால் முட்டை அவிந்துபோகும். தப்பினால் நரியும் காகமும் இருக்கின்றன. அடைகாக்க ஏறத்தாழ 28 நாள், குஞ்சு பறக்க இன்னும் 35 நாள். ஆகஸ்டிலிருந்து மார்ச்வரை இதுதான் பருவம். சனம் கடலுக்கு வரும் கோடையும் அதற்குள்தான்.

இதன் உறவுக்காரன் ஆள்காட்டி நேர்மாறு. குறுந்தொகையைக் கையில் எடுத்தால் நான் லேசில் கீழே வைக்கமாட்டேன் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உ.வே.சா.வின் 1937 பதிப்பு இப்போதும் மேசையில்தான் கிடக்கிறது. அதில் வரும் கணந்துள், பாலை வழியில் கள்வர் பதுங்கியிருப்பதைக் கத்தி அறிவித்து வழிப்போக்கரை விலகிப் போகவைக்கும். அதை ஆள்காட்டி என்றே நான் படிக்கிறேன். ஊரில் வரப்போரம் அது போடும் கூச்சலைக் கேட்டவன் வேறெப்படிப் படிப்பான்?

மெல்பர்னிலும் ஓர் ஆள்காட்டி உண்டு: மாஸ்க்ட் லாப்விங். மஞ்சள் முகமூடி, இறக்கை மடிப்பில் முள். விளையாட்டு மைதானத்து நட்டநடுவே முட்டையிடும்; கிட்டப் போனால் தலைக்கு நேராகப் பாயும். உடனே ஆரஞ்சுக் கூம்புகள் வந்துவிடும், பிள்ளைகள் மறுபக்கம் போய் விளையாடுவார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. கத்துகிற பறவைக்கு நாமெல்லாம் வழிவிடுகிறோம். கத்தாததன் கயிற்றைத் தாண்டிப் போகிறோம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்காகக் கத்துவதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா 2006இல் தொடங்கிய திட்டத்தின் தொண்டர்கள் விடியற்காலையில் போய்க் கயிறு கட்டுகிறார்கள், பலகை நடுகிறார்கள், குஞ்சுகள் ஒதுங்கக் கூரைபோல் சாய்த்த சிறு மரத் தடுப்புகளை வைக்கிறார்கள். கிழக்குக் கரை ஹூடியை 2014இல் மத்திய அரசு அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. அந்தக் கயிற்றுக்குப் பின்னால் அவ்வளவு வேலை இருக்கிறது.

ஜனவரி விடுமுறைக்கு ஸொரெண்டோ, போர்ட்சீ என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புவோம். கயிற்றைக் கண்டால் நீரோரத்து ஈர மணலுக்கு இறங்கி, நிற்காமல் கடந்துபோங்கள். கிரிக்கெட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு போகிறவர்கள் அதற்கு அனுமதியுள்ள கடற்கரை எதுவென்று கவுன்சிலில் கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள்.