திருடப்படும் காணொளி, கேட்பாரற்ற உழைப்பு

'அஜயன்டே ரண்டாம் மோஷணம்' என்ற மலையாளப் படம் திரைக்கு வந்த சில நாட்களிலேயே அதன் திருட்டுப் பிரதி இணையத்தில் பரவியது. கொச்சி மாநகர சைபர் காவல்துறை 2024 அக்டோபரில் பெங்களூரில் இருவரைக் கைது செய்தது. கோவைத் திரையரங்கு ஒன்றில் கைபேசியால் படத்தைப் பதிவு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன் ஜூலையில், திருவனந்தபுரத்தில் 'ராயன்' படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவரும் கொச்சி காவல்துறையிடம் பிடிபட்டார். படம் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்த கூலி ஐயாயிரம் ரூபாய் என்று அப்போது செய்தி வெளியானது. திருட்டுத் தளங்களில் சூதாட்ட விளம்பரம் போட்டுக் கொழுப்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள்; கம்பி எண்ணுவது கூலிக்குப் படம் பிடித்தவர்.

எனினும் திரைப்படத்திற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், திரையரங்கில் களவாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. கோடிகளை முதலீடு செய்தவரின் புகார் காவல் நிலையத்தில் எடுபடுகிறது.

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளுக்கு நடுவே கைபேசியோடு நடந்து, அந்த ஊரின் உணவையும் பாட்டையும் பதிவு செய்யும் இளைஞர்களின் நிலை வேறு. பத்து நிமிடக் காணொளிக்குப் பின்னால் பல நாள் அலைச்சலும், இரவு முழுதும் நீளும் தொகுப்பு வேலையும் இருக்கின்றன. அது வெளியான சில மணி நேரத்தில் வேறொரு பக்கத்தில் தோன்றுகிறது. பெயர் பொறித்த மூலை வெட்டப்பட்டிருக்கும்; படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பப்பட்டிருக்கும்; வேகம் சற்றே கூட்டப்பட்டிருக்கும். தானியங்கிக் கண்காணிப்பை ஏய்க்க இவ்வளவு போதும். பார்வைகளும் வருமானமும் திருடியவருக்குப் போகின்றன. இரண்டு பக்கத்திலும் விளம்பரம் விற்கும் மேடை நிறுவனத்திற்கு நட்டமே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' என்னும் முழுமையான கண்காணிப்புக் கருவி, பெரும் படைப்புத் தொகுப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே வழங்கப்படுகிறது. சாதாரணப் படைப்பாளிக்குக் கிடைப்பது அதைவிட எளிய கருவியும் புகார்ப் படிவமும். அதேவேளை, காப்புரிமைப் புகார் வலியவர் கையில் ஆயுதமாகிறது. மூன்று 'ஸ்டிரைக்' விழுந்தால் அலைவரிசையே நீக்கப்படலாம். 2025 மே மாதத்தில் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், ஏ.என்.ஐ. செய்தி நிறுவனத்தின் காட்சிகளைச் சில நொடிகள் பயன்படுத்தியதற்காகத் தமக்கு ஸ்டிரைக் விழுந்ததாகவும், அதை விலக்க நாற்பது லட்சம் ரூபாய்க்கும் மேல் கேட்கப்பட்டதாகவும் வெளிப்படையாகக் கூறினார். தன் உரிமையைத்தான் பாதுகாப்பதாகச் சொன்ன அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. விமர்சனத்திற்காகவும் நடப்புச் செய்திக்காகவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. அதை எடைபோட வேண்டியது நீதிமன்றம். நடைமுறையில் தீர்ப்பெழுதுவது நிறுவனத்தின் மென்பொருள்.

2013ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 75ஆம் விதி, எழுத்துபூர்வமான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் இடைநிலை நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திருட்டுப் பிரதியை மீண்டும் ஏற்றலாம். சொந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62ஆம் பிரிவு வழி விட்டிருந்தாலும், மாதம் சில ஆயிரம் ஈட்டும் ஒருவர் மூன்று வாரத்தில் வழக்கறிஞரைப் பிடித்து உத்தரவு பெறுவது நடக்கிற காரியமா?

தொகுப்புக் கருவியிலும் இதே கதை. மாதச் சந்தா கட்ட இயலாத தொகுப்பாளர் பூட்டுடைத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார். தன் படைப்பு திருடப்பட்டதாகப் புகார் சொல்ல நேரும்போது அவரே கூனிக்குறுக வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று கேரளத்தின் பள்ளிகளிலேயே இருக்கிறது. அரசு நிறுவனமான 'கைட்' தரும் குனு/லினக்ஸ் இயங்குதளத்தில், 'லிட்டில் கைட்ஸ்' மன்ற மாணவர்கள் காணொளித் தொகுப்பும் அசைவூட்டமும் கற்கிறார்கள். 'கேடிஎன்லைவ்' போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் இது வராததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

மட்டாஞ்சேரிக்கு இன்னொரு நினைவும் உண்டு. கொச்சித் துறைமுகத்தில் அன்று வேலை கேட்டு நின்ற கூட்டத்தின் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கு அன்றைய வேலை. இந்தச் 'சாப்பா' முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, செய்தலவி, ஆண்டனி ஆகியோர் காவல்துறை அடக்குமுறைக்குப் பலியானார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் 2023இல் அந்த வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவந்தது. இன்று யாருடைய காணொளி எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை ஒரு நிறுவனத்தின் கணக்கீட்டு முறை தீர்மானிக்கிறது. அதன் விதி வெளியே தெரியாது. உயிர் கொடுத்த தொழிலாளியின் துன்பத்தோடு இதைச் சமப்படுத்த முடியாது. ஆயினும் வில்லையை வீசும் கை யாருடையது என்று அன்று எழுந்த கேள்வி இங்கும் பொருந்துகிறது.

கொச்சியில் திரைத் தொழிலாளருக்கு ஃபெப்கா உண்டு. சென்னையில் ஃபெப்சி உண்டு. தனித்தனியே அறைக்குள் அமர்ந்து தொகுக்கும் காணொளித் தொழிலாளரை அணிதிரட்டும் வேலை பெரும்பாலும் தொடங்கப்படவே இல்லை. 21 நாள் கெடுவை நீட்டிப்பது, மாவட்டச் சட்டப்பணி ஆணையங்கள் வழியாக இலவச உதவி, தமிழிலும் மலையாளத்திலும் காரணம் கூறாமல் காணொளியை நீக்கத் தடை, பொய்ப் புகாருக்கு இழப்பீடு, தொகுப்பாளரின் பெயரும் ஊதியமும் எழுத்துபூர்வமாக உறுதி செய்யப்படுவது ஆகியவை அந்த அமைப்பின் முதல் கோரிக்கைகளாக இருக்கலாம். கிளைகளில் காணொளி தயாரிக்கும் தோழர்கள் அதுவரை ஒன்றைச் செய்யலாம்: மூலக் காட்சிகளையும் தொகுப்புக் கோப்பையும் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். படைப்பு யாருடையது என்ற கேள்வி வரும் நாளில் முதலில் கேட்கப்படும் சான்று அதுதான்.