கோலத்துக்குள்ளே கோணம்



சென்ற இதழில் வடாம் பிழிவது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கணக்கு! "ஐயோ, சமையற்கட்டை விட்டு இவள் எங்கே போகிறாள்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஏழாவது, எட்டாவது படிக்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் இது உங்களுக்கும்தான்.

போன ஜனவரி முதல் வாரம். அரிசி எடுக்கப் பானைக்குள் கையை விட்டேன். மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. எட்டாவது படிக்கும் என் சின்னவளின் அரையாண்டுக் கணக்குத் தாள். 100-க்கு 23. வடிவியல் பகுதியில் எல்லாமே சுழி. வந்த கோபத்தில் கத்தித் தீர்த்தேன். அவள் அழவே இல்லை. "நீதானேம்மா எப்பவும் சொல்லுவே, எனக்குக் கணக்கு வராதுன்னு. எனக்கும் வரலே, விடு" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. மளிகைக் கடையில் சில்லறை எண்ணும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பத்தாவது பரீட்சையில் வடிவியல் கேள்விகளைத் தொடாமலே எழுந்து வந்தவள் நான். எப்படியோ பாஸ் செய்தேன். அந்தப் பயத்திலேயே மேலே படிக்காமல் நின்றுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிற முள் அது. என் முள்ளை இவள் காலிலும் ஏற்றிவிட்டேனே என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் மார்கழி விடியற்காலை. தர்கா பக்கமிருந்து பாங்கு ஒலி கேட்கும் நேரத்துக்கு என் மாமியார் வாசல் தெளித்துப் புள்ளி வைக்க உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காதவர். மாவுக் கிண்ணம் ஏந்திக்கொண்டு சின்னவள் பக்கத்தில் நிற்பாள். அன்று நானும் போய் நின்றேன்.

"அத்தை, புள்ளி எப்படி இவ்வளவு ஒழுங்கா விழுது?"

"ஒரு வரிசை கோணினா கோலம் பூராவும் கோணிடும்மா. கண்ணுதான் அளவு" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. சின்னவளின் புத்தகத்தை வாசலுக்கே எடுத்து வந்தேன்.

முதலில் கோணம். நம் 'ட' எழுத்தைப் பாருங்கள். நின்ற கோடும் படுத்த கோடும் சேரும் மூலை 90 பாகை. அதுதான் செங்கோணம். அதைவிட ஒடுங்கினால் குறுங்கோணம். விரிந்தால் விரிகோணம். முழுக்க விரிந்து ஒரே கோடாகிவிட்டால் 180 பாகை, நேர்க்கோணம்.

இப்போது புள்ளிக்கு வருவோம். ஐந்து புள்ளி, ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளிகள். இதில் வரிசையும் பத்தியும் செங்கோணத்தில் சந்திக்கும். ஏழு புள்ளி, நாலில் முடியும் ஊடுபுள்ளியில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37. இதில் பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம்; மூலைக்கு 60 பாகை. நடுப்புள்ளியைச் சுற்றி இப்படி ஆறு. ஆறு அறுபது 360, ஒரு முழுச் சுற்று!

சின்னவள் பாகைமானியை வைத்து அளந்து "120" என்றாள். அப்போதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. பாகைமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. கோணத்தின் ஒரு கை எந்த வரிசையின் சுழியில் படுகிறதோ, அந்த வரிசையைத்தான் வாசிக்க வேண்டும். அவள் மற்றதை வாசித்திருக்கிறாள். அளக்கும் முன், "இது 'ட'-வைவிட ஒடுக்கமா, விரிவா?" என்று கேட்டுக்கொண்டால் இந்தத் தவறு வராது.

அடுத்தது கோடுகள். நாகூர் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைக் காட்டினேன். அகலப் பாதையில் இடைவெளி 1,676 மில்லி மீட்டர். எவ்வளவு தூரம் போனாலும் இரண்டும் சந்திப்பதில்லை, இணைகோடுகள். தர்காவின் பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது, உயரம் 131 அடி. அது தரைக்குச் செங்குத்து. வீட்டு ஜன்னல் கம்பிகளின் குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்துப் பிடித்தோம். எல்லாக் கம்பியிலும் ஒரே சாய்வு. புத்தகம் இதைத்தான் 'ஒத்த கோணங்கள்' என்கிறது.

கடைசியில் உருமாற்றம். பெயர்தான் பயமுறுத்துகிறது. ஓரக் கோலத்தில் ஒரே தாமரையைத் தள்ளித் தள்ளிப் போடுகிறோமே, அது இடப்பெயர்வு. எதிரெதிராக இரண்டு கிளி போட்டால் பிரதிபலிப்பு. நடுக்கோட்டில் கைக்கண்ணாடியை நிறுத்தினால் ஒரு கிளியே இரண்டாகத் தெரியும். ஆறு இதழ்ப் பூவை 60 பாகை திருப்பினால் பழைய பூவேதான், அது சுழற்சி. கந்தூரிக் கடையில் விற்கும் காகிதக் காற்றாடியைச் சுழற்றினால் அப்படியே இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சுழற்சியும் பிரதிபலிப்பும் வேறு வேறு என்பதை அந்தக் காற்றாடிதான் அவளுக்கு விளங்க வைத்தது.

"அப்பாயிக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டாள். கைக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. கோலத்தைப் படித்தவர்களும் லேசாக எண்ணவில்லை. 1974-லேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கம்ப்யூட்டர் இலக்கண விதிகளால் கோலத்தை விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வாசலில் தினமும் அழிகிற மாவுக் கோடு அது!

முழு ஆண்டுப் பரீட்சையில் சின்னவள் 58 வாங்கினாள். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் தாளை ஒளித்து வைக்கவில்லை. ஓடி வந்து என் கையில் கொடுத்தாள். இப்போது நான் புள்ளி வைத்தால், "அம்மா, மூணாவது வரிசை இணையா இல்லே" என்று குறை சொல்கிறாள். அழித்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

சகோதரிகளே, ஒரே ஒரு வேண்டுகோள். 'எனக்குக் கணக்கு வராது' என்று குழந்தை காது கேட்கச் சொல்லாதீர்கள். நாம் விளையாட்டாகச் சொல்வதை அது சொத்தாக எடுத்துக்கொள்கிறது. நாளைக் காலை கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "இது என்ன கோணம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால்தான் என்ன? இருவருமாகத் தேடலாம்.