சலுகை விதியில் இருக்கட்டும், ஆட்டத்தில் வேண்டா

நீண்ட நாள் நோயுற்றிருப்பவருக்கு வீட்டில் பலவும் கிடைக்கின்றன: வேளை தவறாத மருந்து, பத்திய உணவு, அன்பான விசாரிப்பு. கிடைக்காதது ஒன்று உண்டு. தம்மை எதிர்த்து ஆடும் ஓர் ஆள். அவர் படுத்த நாள் முதல் எல்லாரும் அவருக்கு விட்டுக்கொடுக்கின்றனர். அவர் இனி நமக்கு நிகரல்லர் என்பதை அது சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

மேசைக் கால்பந்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் ஹரால்ட் தார்ன்டன் என்பவர் 1923-இலேயே இத்தகைய ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் ஸ்பெயின் நாட்டினர் இதைத் தம் நாட்டுக் கவிஞர் அலெஹாந்த்ரோ பினிஸ்தேரேயின் படைப்பாகவே போற்றுகின்றனர். 1936-இல், உள்நாட்டுப் போரின்போது, மாட்ரிட் நகரில் விழுந்த குண்டால் 17 வயதில் அவர் காயமுற்றார். மொன்செராத் மலைப்பகுதி மருத்துவமனையில் தங்கியிருந்தபோது, காயத்தால் கால்பந்து ஆட இயலாத சிறுவர்களைக் கண்டு, தச்சர் ஒருவரைக் கொண்டு இதைச் செய்வித்ததாக அவரே கூறியுள்ளார்.

இதன் அமைப்பு எளியது. பெட்டியின் குறுக்கே எட்டுக் கம்பிகள், அணிக்கு நான்கு. அவற்றில் கோர்த்த பதினொரு பொம்மைகளே ஆட்டக்காரர்கள். கம்பியைத் தள்ளியும் இழுத்தும் திருப்பியும் பந்தை அடிக்க வேண்டும். ஓடும் கால்கள் இங்குத் தேவையில்லை. மேசைமீது வைத்து ஆடும் சிறிய பெட்டியாயின் அமர்ந்தபடியே ஆடலாம்.

"தோற்றால் அவர் மனம் வாடுமே" என்று பராமரிப்போர் தயங்குவது இயல்பே. ஆயினும் வேண்டுமென்றே தோற்பதை நோயாளி எளிதில் கண்டுகொள்வார்; அந்த வெற்றி அவருக்கு இனிக்காது. சலுகையை ஆட்டம் தொடங்குமுன் விதியாகப் பேசிக்கொள்ளுங்கள். நலமாயிருப்பவர் ஒரு கையால் மட்டும் ஆடலாம். ஒரு கை வலுவிழந்தவர் இரண்டு கம்பிகளைத் தாம் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டைப் பேரனிடம் ஒப்படைக்கலாம். அதன்பின் இரு தரப்பும் முழு மனத்தோடு ஆட வேண்டும். அப்போது நோயாளி போடும் கோல் மெய்யாகவே அவருடையது, தோல்வியும் அவ்வாறே.

சில எச்சரிக்கைகள் தேவை. மார்பிலோ வயிற்றிலோ தோளிலோ அறுவை செய்துகொண்டவர்களும் கையில் ஊசி பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஆட வேண்டும். கம்பியை வேகமாகச் சுழற்றக் கூடாது. போட்டி ஆட்டங்களிலும் அது விதிமீறலே. ஒவ்வொரு முறையும் கைப்பிடிகளைத் துடைத்து, கைகளைக் கழுவுங்கள். சிறு பந்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். களைப்புத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

பெட்டி வாங்க இயலாதவர்கள் கேரம் பலகையை விரிக்கலாம்; தாயம் உருட்டலாம். ஆட்டம் எதுவாயினும், இன்று மாலை உங்கள் நோயாளியிடம் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்ட பிறகு, "ஓர் ஆட்டம் ஆடுவோமா?" என்றும் கேளுங்கள்.