தேயிலைக்கு முகவரி உண்டு, வாக்காளருக்கு இல்லை

திம்புள்ள என்ற பெயர் உலகின் தேயிலைக் கடைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை வட்டாரத்தில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வறண்ட காற்று வீசும்போது பறிக்கப்படும் கொழுந்துக்குத் தனிச் சுவை, தனி விலை. தேயிலை டப்பாவின் மேல் அந்தப் பெயரைப் பெருமையோடு அச்சிடுகிறார்கள். ஆனால் அந்தக் கொழுந்தைக் கிள்ளும் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டு இலக்கம் இராது, தெருப் பெயர் இராது. தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் எழுதி அனுப்பினால், பெரும்பாலும் அது தோட்ட அலுவலகத்தில் போய்க் கிடக்கும். அங்கிருந்து லயத்துக்கு எப்போது வரும் என்பது அலுவலகத்தாரின் மனநிலையைப் பொறுத்தது. மலையகத்தில் உள்ளூராட்சி என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்.

2025 மே 6 ஆம் திகதி இலங்கையெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. நுவரெலியா மாநகர சபை முதல் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வுட், மஸ்கெலியா பிரதேச சபைகள் வரை யாருக்கு எத்தனை ஆசனம், எந்தத் தொழிற்சங்கம் சரிந்தது, எந்தக் கட்சி புகுந்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத சபைகளில் தவிசாளர் பதவிக்கு நடந்த பேரங்களும் செய்தியாயின. அந்தச் சபைகள் லயத்துக் கூரைக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் சிலரே. பத்திரிகைத் தொழிலில் என் சகபாடிகளாக இருந்தவர்கள் மீதே எனக்கு இந்த வருத்தம் உண்டு. தேர்தலை நாம் குதிரைப் பந்தயம்போல எழுதிப் பழகிவிட்டோம்.

வரலாறு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆயினும் 1930 களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளின் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்ட லயங்களில் வசித்த தொழிலாளர் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அதாவது, 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, ஊர் ஆட்சியின் வாசலில்தான் மலையகத் தமிழன் முதலில் தடுத்து நிறுத்தப்பட்டான். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களின் பின்னரே நாடற்றோர் என்ற நிலை முடிவுக்கு வந்தது.

வாக்கு திரும்பி வந்தது. ஆனால் எதற்கான வாக்கு? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தன் 33 ஆம் பிரிவின் வழியாகச் சபையின் நிதி தோட்டங்களுக்குள் செல்லாதபடி வேலி போட்டது. தோட்ட மக்கள் வாக்களிப்பார்கள், உறுப்பினர்களைத் தெரிவு செய்வார்கள், தவிசாளரும் அவர்களுடைய வாக்கால் வருவார். ஆனால் அவர் தோட்டத்து மண்பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட முற்பட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். இதே சட்டம் சாகுபடி நிலங்களுக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு இடமளிக்கிறது என்பதையும் கவனியுங்கள். நிலத்தை அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, அந்த நிலத்தில் வாழும் மனிதரைக் காணத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது.

இன்னொரு அநீதியும் இருந்தது. 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பிற மாவட்டங்களில் சில ஆயிரம் பேருக்கு ஒரு சபை இருந்தபோது, இங்கே இவ்வளவு பேருக்கும் ஒவ்வொரு பிரதேச சபைதான். தமிழ் முற்போக்குக் கூட்டணி அரசாங்கத்தில் இருந்த காலத்தில் அவை ஆறாகப் பிரிக்கப்பட்டன. 2018 பெப்ரவரி 10 தேர்தல் அந்தப் புதிய எல்லைகளில் நடந்தது. அதே ஆண்டில் 33 ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. செய்தவர்களுக்கு உரிய நன்றியைச் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

ஆனால் திருத்தத்தை வாசித்துப் பாருங்கள். தோட்ட நிருவாகத்துடன் கலந்தாலோசித்தே சபை அங்கு வசதிகளைச் செய்து கொடுக்கலாம். 'கலந்தாலோசித்து' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் பழைய வேலி புதிய கம்பியோடு நிற்கிறது. கொழும்பு மாநகர சபை ஒரு தெருவுக்கு விளக்குப் போட, அத்தெருவிலுள்ள கம்பனியிடம் போய்க் கலந்தாலோசிப்பதுண்டா? மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை, மக்களால் தெரிவு செய்யப்படாத ஒரு துரையின் மேசை முன் காத்து நிற்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் ஆட்சி யாருடையது?

கம்பனிகளின் வாதம் தெரிந்ததுதான். தோட்டம் தொழில் நடக்கும் இடம், ஆளாளுக்கு உள்ளே வந்தால் நிருவாகம் குலையும் என்பார்கள். தொழில் நடக்கும் மலைக்கு அது பொருந்தலாம். மக்கள் உறங்கும் லயத்துக்கு எப்படிப் பொருந்தும்? அத்தோடு நிலமும் அவர்களுடையதன்று. 1972 இலும் 1975 இலும் அரசு சுவீகரித்த காணிகள் இவை. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கைமாறியது. நிலம் நீண்டகாலக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரர் காணிக்குப் பொறுப்பாளியாகலாம், குடிமக்களுக்கு எசமானாக முடியாது.

தொழிற்சங்கத் தலைவர்களையும் விட்டுவிட முடியாது. அவர்களில் பலருக்குப் பிரதேச சபைத் தேர்தல் என்பது சந்தாப் பலத்தைப் பரீட்சிக்கும் ஓர் ஒத்திகை. தலைவரின் பெயர் சொல்லி வாக்குக் கேட்பார்கள். குடிநீர்க் குழாய் எங்கே போகும், குப்பையை யார் அள்ளுவார்கள், மழைக்காலத்தில் மண் சரியும் லயத்திலிருந்து யார் யாரை எங்கே குடியமர்த்துவது என்பன மேடையில் ஏறுவதில்லை. வென்ற உறுப்பினரோ சபைக்குப் பதில் சொல்வதைவிடத் தலைமையகத்துக்குப் பதில் சொல்வதிலேயே கவனமாக இருக்கிறார்.

2023 ஐ நினைத்துப் பாருங்கள். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த நாட்களில் நாட்டில் இயங்கிய உள்ளூராட்சிச் சபைகள் இல்லையென்றே சொல்லலாம். அவற்றின் பதவிக்காலம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் முடிந்தது. மார்ச் 9 இல் நடக்க வேண்டிய தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். அத்தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். தோட்டங்களில் பெரிய வேறுபாடு தெரிந்ததா? தெரியவில்லை என்றால், அது சபையில்லாத காலத்தின் சிறப்பன்று, சபையிருந்த காலத்தின் வெறுமை.

கனடாவில் வாழும் வாசகர்கள் இதைத் தம் அனுபவத்தோடு ஒப்பிடலாம். ஒன்ராறியோவில் 2022 ஒக்டோபர் 24 இல் நீங்கள் வாக்களித்தபோது மேயரையும் நகரசபை உறுப்பினரையும் மட்டுமா தெரிவு செய்தீர்கள்? பாடசாலைச் சபை உறுப்பினரையும் தெரிவு செய்தீர்கள். திம்புள்ளயில் ஒரு தாய்க்கு அப்படியான வாக்கு இல்லை. பிரதேச சபைக்குப் பாடசாலைமீது அதிகாரமில்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிந்த பின், தேர்தலின்றியே ஆண்டுகள் கழிந்தன. எஞ்சுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதற்கும் அதிபரே தலைவர். கணித ஆசிரியர் இல்லை என்று அந்தத் தாய் யாரைக் கேள்வி கேட்பாள், யாரை அடுத்த தேர்தலில் தோற்கடிப்பாள்?

ஆகவே என் கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை. 33 ஆம் பிரிவிலிருந்து அந்தக் கலந்தாலோசனைச் சொல்லை நீக்குங்கள். லயங்களும் அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் அமைந்த நிலத்தைக் குத்தகையிலிருந்து பிரித்துப் பொதுக் குடியிருப்பாகப் பிரகடனம் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் தெருவுக்குப் பெயரும் கொடுங்கள். அதற்கேற்ற நிதியைச் சபைகளுக்கு ஒதுக்குங்கள், பிறகு கணக்கும் கேளுங்கள்.

இவை நடக்காதவரை, தேர்தல் நாளில் வாக்குச்சீட்டு தோட்டத்துக்குள் வரும், மறுநாள் சபை தோட்ட வாசலில் நின்றுவிடும். 2025 இல் வென்ற உறுப்பினர்களில் எவராவது முதற் கூட்டத்திலேயே இந்தச் சொல்லை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சிக்காரராயினும் அவருடைய பெயரை இங்கே பெரிய எழுத்தில் போடுகிறேன்.