நெடுவல் ஏன் சுவரோட நிக்கிறார்?

ஆறரை அடி உயரமான ஆள் எப்படி டென்னிஸ் விளையாடுவார் என்று எங்கட மனதில் ஏற்கனவே ஒரு படம் இருக்கு. ஜோன் இஸ்னர், இவோ கார்லோவிச் மாதிரி மேலேயிருந்து சேர்வை இறக்குவார், நாலு பந்தில் கேம் முடியும். 198 சென்ரிமீற்றர் டானியில் மெட்வெடேவை முதல்முதலாகப் பார்க்கிற ஆக்கள் குழம்பிப்போறது அதால்தான். சேர்வ் அவரிடமும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் மற்றவர் சேர்வ் போடேக்க, மனுசன் பின்சுவரில் முதுகு முட்டுமோ எண்ட தூரத்தில் போய் நிக்கிறார்.

அசிங்கமான ஆட்டம் என்று கனபேர் சொல்லுவினம். போர்ஹாண்டை அடிச்சு முடிக்கேக்க கை எங்க போகுதெண்டு அவருக்கே தெரியாத மாதிரித்தான் இருக்கும், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அவர் நிக்கிற இடத்தில் ஒரு கணக்கு இருக்கு. அவ்வளவு பின்னால் நிண்டால் எந்தப் பெரிய சேர்வும் வந்து சேர முதல் வேகம் குறைஞ்சிடும், முழு வீச்சோட திருப்பி அடிக்கலாம். அப்படி நிண்டால் இரண்டு பக்கமும் ஓட வேண்டிய தூரம் கூடும். நீளமான கையும் காலும் அதை ஈடுகட்டும். பாக்ஹாண்டோ தட்டையாக, தாழ்வாகப் போகும். எதிராளிக்கு அடிக்க வாகான உயரத்தில் பந்து வராது. உயரத்தை அவர் எட்டிப் பிடிக்கத்தான் கூடுதலாகப் பாவிக்கிறார். 2021 அமெரிக்க ஓபன் இறுதியில் ஜோகோவிச்சை 6-4, 6-4, 6-4 என்று மடக்கி, ஒரே வருசத்தில் நாலு கிராண்ட்ஸ்லாமும் எடுக்கிற அவருடைய கனவைக் கலைச்ச ஆட்டம் இது. களிமண் தரை பிடிக்காதெண்டு புறுபுறுத்த ஆள் 2023 இல் ரோமிலும் வென்றார்.

எனக்கு ஆத்திரம் வாறது அவருடைய பிடிவாதத்தில்தான். அதே 2023 இல், அமெரிக்க ஓபன் இறுதியில் ஜோகோவிச் திரும்பி வந்தார், இந்தமுறை விடை தெரிஞ்சுகொண்டு. சேர்வ் போட்ட கையோட வலைக்கு ஓடினார். அப்படி ஓடின 22 புள்ளிகளில் 20 அவருக்கு. சுவரோட நிக்கிற ஆள் திருப்பி அடிக்கிற பந்து வந்து சேரும்வரை வலையடியில் ஆறுதலாக நிண்டு பார்க்கலாம். இவ்வளவு நடந்தும் மெட்வெடேவ் இரண்டு அடி முன்னுக்கு வர மனமில்லாமல் நிண்டார். செஸ் மாதிரி யோசிச்சு விளையாடுற ஆள் எண்டு நாங்கள் புகழுற மனுசன்!

முன்னுக்கு வரத் தெரியாதவர் என்றால் விட்டிடலாம். 2024 அவுஸ்திரேலிய ஓபன் இறுதியில் கோட்டுக்குக் கிட்ட நிண்டு, பந்தை வெள்ளன எடுத்து, சின்னரிடமிருந்து முதல் இரண்டு செட்டையும் 6-3, 6-3 என்று பறிச்சவர் அவர்தானே. அதுக்குப் பிறகு கால் ஓய்ந்துபோச்சு. இறுதிக்கு வர முதலே மூன்று ஐந்து செட் ஆட்டங்கள்; அரையிறுதியில் ஸ்வெரெவோட இரண்டு செட் பின்னுக்கு நிண்டு மீண்டு வந்தவர். பின்னால் நிண்டு ஓடி ஓடி விளையாடினதின் கடன் அந்த இரவு வந்து சேர்ந்தது. மிச்ச மூன்று செட்டும் சின்னருக்கு. முதல் வாரத்திலேயே அப்படி முன்னுக்கு நிண்டிருந்தால், அவரிடம் இப்ப இரண்டு கிராண்ட்ஸ்லாம் இருந்திருக்கும் எண்டுதான் நான் இன்னும் நினைக்கிறன்.