நிலைமத்துக்கு மூன்று வகை இல்லை

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் ‘இயக்க விதிகள்’. அதைப் படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி, நிலைமம் எத்தனை வகைப்படும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம். மரக்கிளையை உலுக்கினால் பழம் விழுவது முதல் வகை. நீளம் தாண்டுபவர் ஓடிவந்து தாண்டுவது இரண்டாவது. கார் சட்டென்று திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்வது மூன்றாவது. வகையும் எடுத்துக்காட்டும் எழுதினால் மார்க் உண்டு.

இதைக் குழந்தைகளுக்கான எளிமைப்படுத்தல் என்று நினைத்து நாம் விட்டுவிடுகிறோம். விடக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. இயக்க விதிகளில் எது கண்டுபிடிப்போ, அதையே இந்த மூன்று வகைப் பிரிப்பு அழித்துவிடுகிறது. அழித்தபின் மிஞ்சும் பாடம், திருப்பூர் மாதிரி ஊர்களில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மெஷின் முன்னால் போய் நிற்கிற பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை.

முதலில் இயற்பியலைப் பார்த்துவிடுவோம். திருப்பூரிலிருந்து கோவைக்குப் போகும் ரயிலில் உங்கள் பக்கத்து சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ரயில் ஒரே சீராக, நேராக ஓடுகிறது. பாட்டிலுக்கு இருப்பது எந்த வகை நிலைமம்? உங்களைக் கேட்டால் ஓய்வில் நிலைமம், அது சும்மாதானே இருக்கிறது. வஞ்சிபாளையம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நிற்பவரைக் கேட்டால் இயக்கத்தில் நிலைமம், அது அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டில் ஒன்று, நேரம் ஒன்று, விடை மட்டும் இரண்டு. அப்படியென்றால் அந்த ‘வகை’ பாட்டிலில் இல்லை. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

இது புதிய விஷயமும் இல்லை. 1632ல் வெளியான தன் நூலில் கலிலியோ ஒரு கப்பலின் கீழ்த்தட்டு அறையைக் கற்பனை செய்யச் சொன்னார். உள்ளே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, பாத்திரத்தில் மீன்கள் நீந்துகின்றன, மேலே தொங்கும் புட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சரி, குலுங்காமல் ஒரே வேகத்தில் போனாலும் சரி, அறைக்குள் எதுவும் மாறுவதில்லை. உள்ளே இருப்பவரால் கப்பல் போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. நிற்பதும் சீராகப் போவதும் ஒரே நிலைதான். அதனால்தான் 1687ல் நியூட்டன் தன் முதல் விதியில் ஓய்வையும், நேர்கோட்டில் சீராகச் செல்லும் இயக்கத்தையும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்தார். ‘நேர்கோட்டில்’ என்ற சொல்லில் திசையும் அடங்கிவிட்டது. அவர் ஒன்றாக்கியதை நாம் மறுபடி மூன்றாக உடைத்து, உடைந்த துண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

உடைப்பதால் என்ன நஷ்டம்? அரிஸ்டாட்டில் திரும்பி வந்துவிடுகிறார், அதுதான் நஷ்டம். ஒரு பொருள் ஓட வேண்டுமென்றால் ஓட்டுபவர் ஒருவர் வேண்டும், ஓட்டுவதை நிறுத்தினால் பொருளும் நின்றுவிடும் என்பது அவருடைய கணக்கு. நம் கண்ணுக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது. வண்டியைத் தள்ளினால் போகிறது, விட்டால் நிற்கிறது. அதனால் ‘எது இதை ஓட்டுகிறது?’ என்று கேட்கப் பழகிவிட்டோம். கலிலியோவும் நியூட்டனும் செய்த பெரிய வேலை அந்தக் கேள்வியை மாற்றியதுதான். ஓடுவதற்குக் காரணம் தேடாதே. வேகமோ திசையோ மாறினால், அப்போது காரணம் தேடு. ‘எது இதை நிறுத்தியது?’ என்று கேள்.

இந்த மாற்றம் லேசில் மண்டைக்குள் இறங்காது. 1982ல் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் மாணவர்களிடம், மேலே சுண்டிவிட்ட நாணயத்தின் மீது என்னென்ன விசைகள் இருக்கின்றன என்று கேட்டார். காற்றை விட்டுவிட்டால், கையை விட்டுப் போன நாணயத்தின் மீது இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் பெரும்பாலோர் மேல்நோக்கி ஒரு விசையையும் வரைந்தார்கள். மேலே போகிறதே, ஏதோ ஒன்று தள்ள வேண்டாமா! 1992ல் டேவிட் ஹெஸ்டினஸும் சகாக்களும் இந்த மாதிரிக் கேள்விகளைத் தொகுத்து ஒரு தேர்வாகவே வெளியிட்டார்கள். கணக்குகளைச் சரியாகப் போடும் கல்லூரி மாணவர்களும் அதில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் தன் வகுப்புக்கு அந்தத் தேர்வை வைத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைப்பதுபோல எழுதட்டுமா என்று ஒரு மாணவி கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஹார்வர்டுக்கே அந்த நிலைமை.

நமக்குச் சொல்லும் கொஞ்சம் எதிராக வேலை செய்கிறது. ‘நிலைமம்’ நல்ல கலைச்சொல்தான். நிலை என்றால் எந்த நிலையும், ஓடும் நிலையும் சேர்த்து. ஆனால் பேச்சில் ‘நிலையா நிக்குது’ என்றுதானே சொல்கிறோம். அதனால் நிலைமம் என்றதும் அசையாமல் கிடப்பது என்று காதில் விழுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குச் ‘சடத்துவம்’ என்று பெயர். அது இன்னும் மோசம், சடம் என்றால் உயிரற்றுக் கிடப்பது. சொல்லை மாற்றச் சொல்லவில்லை நான். சொல் ஒரு பக்கம் சாயும்போது பாடம் மறுபக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நம் பாடமோ ‘ஓய்வில் நிலைமம்’ என்பதை முதல் வகையாக வைத்து, சாய்கிற பக்கமே தள்ளிவிடுகிறது.

இனி திருப்பூருக்கு வருவோம். இந்தப் பாடத்தை நடத்த இதைவிடத் தோதான ஊர் கிடையாது என்பேன். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், வட்டப் பின்னல் மெஷின், சாயப்பட்டறை என்று ஊரே சுற்றிக்கொண்டும் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கிறது.

தையல் மெஷினில் கிளட்ச் மோட்டார் என்று ஒன்று உண்டு. சர்வோ மோட்டார் வந்த பிறகு குறைந்திருக்கிறது, ஆனால் பழைய டைலர் யாரைக் கேட்டாலும் அதன் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார். ஸ்விட்ச் போட்டதிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, பெல்ட் வழியாக மெஷினுக்கு ஓட்டம் போகும். பெடலை விட்டால் மெஷின் நின்றுவிடும். மேலே மட்டும் பார்த்தால் அரிஸ்டாட்டில் சொன்னது சரிதான்: மிதித்தால் ஓடுது, விட்டால் நிக்குது. மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெடலை விட்டதும் அங்கே ஒரு பிரேக் போய் உரசுகிறது. மெஷின் நின்றது விசை தீர்ந்ததால் இல்லை, எதிர்த்து இன்னொரு விசை வந்ததால்தான். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது கரண்ட் போகட்டும். 2012ன் மின்வெட்டுக் காலத்தில் இது ஒரு நாளைக்குப் பலமுறை நடந்த செய்முறை வகுப்பு. ட்யூப்லைட் அந்த நொடியே அணையும். மோட்டார் அப்படி நிற்காது, இருட்டில் ஊளையிட்டுக்கொண்டே மெல்ல மெல்ல அடங்கும். ஓட்டியது போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. அப்போ அதை நிறுத்தியது எது? பேரிங், பெல்ட், காற்று. முதல் விதி முழுவதும் அந்த ஊளைச் சத்தத்தில் இருக்கிறது.

இரண்டாம் விதிக்கு ஓவர்லாக் ஊசி போதும். நிமிடத்துக்கு 5000 தையல் ஓடும் மெஷினில் ஊசி 24 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தையலிலும் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் அது திசையை மாற்ற வேண்டும். கணக்குப் போட்டால் அந்தத் திருப்பத்தில் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 330 மடங்கு வருகிறது. ஊசியும் அதைத் தாங்கும் கம்பியும் சேர்ந்து வெறும் 20 கிராம் என்றால்கூட, அதைத் திருப்ப வேண்டிய விசை 6 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். விநாடிக்கு நூறு தடவைக்கு மேல். ஊசிக்கம்பியை ஏன் முடிந்தவரை இலேசாகச் செய்கிறார்கள், வேகம் கூடக்கூட மெஷின் ஏன் அதிர்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு பெருக்கலில் வந்துவிடும். கணத்தாக்குக்கு கிரிக்கெட் வீரர் கையைப் பின்னால் இழுத்துப் பந்து பிடிப்பதைச் சொல்கிறார்களே, வட்டப் பின்னல் மெஷினை எடுத்தவுடன் முழு வேகத்தில் விடாமல் மெல்லக் கிளப்புவதும் அதே கணக்குதான். அதே வேக மாற்றத்துக்கு அதிக நேரம் கொடுத்தால் நூல்மேல் விழும் இழுப்பு குறையும், நூல் அறாது. ஆபரேட்டருக்கு இது தெரியும். நியூட்டன் பெயர் மட்டும் தெரியாது.

இதுவரை சொன்னது ரசனைக்கான விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஹைட்ரோ அப்படியில்லை. சாயப்பட்டறையில் ஈரத்துணியைப் போட்டுச் சுற்றவிட்டு நீரைப் பிரிக்கிற பெரிய ஓட்டைக் கூடை அது. நான்கு அடி விட்டமுள்ள கூடை நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கூடையும் துணியுமாக 200 கிலோ, அதில் பெரும்பகுதி விளிம்போரம் என்று கொண்டால், அதில் இருக்கும் இயக்க ஆற்றல், 1 டன் கார் ஒன்று மணிக்கு 75 கிலோமீட்டரில் வருவதற்குச் சமம். ஸ்விட்சை அணைத்தாயிற்று. மோட்டார் சத்தம் நின்றாயிற்று. கூடை மட்டும் சுற்றுகிறது. பிரேக் சரியில்லை என்றால் அது அடங்க நெடுநேரம் ஆகும். அடுத்த லோடு காத்திருக்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், மூடியைத் திறந்து துணியின் ஒரு முனையைக் கையால் பிடிக்கிறார் ஒருவர். ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்பதும் ‘நின்னாச்சு’ என்பதும் அவர் மனதில் ஒன்றாக இருந்தால், அந்தத் துணி கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அவர் வகுப்பில் ‘இயக்கத்தில் நிலைமம்’ என்ற விடைக்கு நீளம் தாண்டுபவரைச் சரியாகவே எழுதியிருக்கலாம்.

இங்கே வழக்கமான கேள்வி வரும். “பனியன் கம்பெனிக்குப் போறவனுக்கு நியூட்டன் எதுக்குங்க? மூடியைத் திறக்காதேன்னு சொன்னாப் போதாதா?” போதாது. பீஸ் ரேட்டிலும் ஒன்றரை ஷிஃப்ட்டிலும் ஓடுகிற இடத்தில் வெறும் கட்டளைகள் முதலில் மீறப்படும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இயற்பியல் தெரிந்த தொழிலாளிக்கு அடிபடாது என்று நான் சொல்லவரவில்லை. பழியைத் தொழிலாளியின் தலையில் கட்டுகிற வாதம் அது. கூடை நிற்கும்வரை மூடி திறக்காத பூட்டைப் பொருத்துவது முதலாளியின் கடமை. சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று சொல்லும்போது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஃப்ளைவீலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஓட்டத்தைச் சேமித்து வைக்கும் சக்கரம் ஆபத்தானது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். ஏன் பூட்டு இல்லை, ஏன் பிரேக் சரிசெய்யவில்லை என்று கேட்க, அணைத்த மெஷின் ஏன் நிற்காது என்பதைத் தன் சொந்தப் புத்தியால் அவர் அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வியை ‘உனக்கென்ன தெரியும்’ என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இன்னொரு சமாதானம்: மூன்று வகை என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். எதன் ஞாபகம் என்பதுதான் கேள்வி. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. நிரம்பி வழியும் வகுப்பு, முடிக்க வேண்டிய போர்ஷன், தலைக்கு மேல் தேர்ச்சி விகிதம். வகைப்படுத்து, வரையறு, எடுத்துக்காட்டு தா என்று வினாத்தாள் கேட்டால் அவர்கள் வேறென்ன நடத்துவார்கள்? குற்றம் வினாத்தாளிலும் அதற்காக எழுதப்படும் பாடத்திலும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போய் இயற்பியல் எடுப்பவர்களை மனதில் வைத்து, அவர்களுக்கான முன்னுரையாக இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் மேலே போய் அங்கே திருத்திக்கொள்வார்கள். பலருக்கு மேலே ஒன்றும் கிடையாது. அவர்கள் வாழ்நாளில் படிக்கிற கடைசி இயற்பியல் இதுதான், அதையும் தவறாகக் கொடுத்து அனுப்புகிறோம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. அந்த மூன்று வகைகளை நீக்குங்கள். மிச்சமாகும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: ஸ்விட்சை அணைத்த பிறகும் ஒரு மெஷின் ஓடுகிறது, அதை ஓட்டுவது எது? ‘எதுவும் இல்லை’ என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பிறகு அதை நிறுத்துவது எது என்று கேளுங்கள். திருப்பூர்ப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது கேள்விக்குப் புத்தகத்தைப் பார்க்காமலேயே பதில் எழுதுவார்கள். அம்மாவோ அண்ணனோ வேலை செய்யும் இடத்தில் அதைத் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.